பி.ஏ. வரலாறு: தஞ்சாவூரா, திருச்சியா, டெல்லியா?

கேள்வி: எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் 2 படிக்கிறாள். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவு. கல்லூரியிலும் வரலாறுதான் எடுப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். தஞ்சாவூர் அரசு மகளிர் கல்லூரி போதும் என்கிறாள் அவள் அம்மா. திருச்சியில் பெரிய தனியார் கல்லூரியில் சேர் என்கிறார் மாமா. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான ‘கியூட்’ எழுதி திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ டெல்லிக்கோ போகலாம் என்கிறார் பள்ளி ஆசிரியர். தமிழ்ப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். தமிழ் வழியில் படித்து, அரசுப் பணியையோ ஆசிரியர் பணியையோ மனதில் வைத்திருக்கும் பெண்ணுக்கு, பி.ஏ.வை டெல்டாவிலேயே நல்ல துறையுள்ள ஒரு கல்லூரியில் முடித்துவிட்டு, எம்.ஏ.வுக்கு வெளியே போவதே சரியான வழி. ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று இப்போதே தெளிவாக இருந்து, ஆங்கிலத்தில் ஒரு நாளைக்கு இருபது பக்கமாவது தடையில்லாமல் படிக்க முடிகிறதென்றால் மட்டும், இப்போதே மத்தியப் பல்கலைக்கழகத்தை முயலலாம்.

வீட்டில் நடக்கும் விவாதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி மாவட்டக் கலைக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆகவே தஞ்சாவூரா திருச்சியா என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியே அல்ல. இரண்டு வரலாற்றுத் துறைகளுக்கு இடையிலானது. தன்னாட்சி பெற்ற கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியே வகுப்பது. தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரிதான். அதனால் ‘அரசுக் கல்லூரி என்றால் பழைய பாடம், தனியார் என்றால் புதுப் பாடம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. தமிழ்ப் பல்கலைக்கழகம் உயர் ஆய்வுக்கென்று 1981இல் தொடங்கப்பட்டது. கல்வெட்டியல், சுவடியியல், கடல்சார் வரலாறு என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத துறைகள் அங்கே உண்டு. பி.ஏ. முடித்த பிறகு யோசிக்க வேண்டிய இடம் அது. இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்து, பயிற்றுமொழி. பல குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்துகின்றன. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டது. பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணி என்றால், பள்ளிப் படிப்பு தொடங்கி அந்தப் பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியாக இருந்தால்தான் இப்போது சலுகை. குரூப் 1, குரூப் 2, ஆசிரியர் நியமனம் எல்லாவற்றிலும் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். உங்கள் மகள் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் படித்துச் சேர்த்து வைத்த உரிமை, பட்டம் கேட்கும் பணிகளைப் பொறுத்தவரை, பி.ஏ.வை ஆங்கில வழியில் எடுத்த அன்றே போய்விடும். சில கல்லூரிகளில் பாடம் நடப்பது தமிழில், மாணவர்கள் தேர்வு எழுதுவதும் தமிழில், ஆனால் ஏட்டில் ஆங்கில வழி என்று இருக்கும். சான்று கேட்டு நிற்கும்போதுதான் அது தெரியவரும். சேரும் முன் அலுவலகத்தில் ‘இந்தப் பிரிவின் பயிற்றுமொழி என்ன, மாற்றுச் சான்றிதழில் என்னவென்று எழுதுவீர்கள்’ என்று நேராகக் கேளுங்கள்.

பட்டத்தின் பெயரும் இதே அளவு முக்கியம். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக பி.ஏ. வரலாறு, பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான ‘டெட்’டின் இரண்டாம் தாள் ஆகியவை வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும். ‘வரலாறும் சுற்றுலாவும்’, ‘பாரம்பரியவியல்’ என்று புதுப் பெயரில் வரும் பட்டங்கள் வகுப்பறையில் சுவையாகவே இருக்கலாம். ஆனால் நியமனத்தின்போது அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தேர்வில் வென்ற பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் விழுந்துவிடும். வெளிமாநிலப் பட்டங்களுக்கும் இந்தச் சிக்கல் வருவதுண்டு. ‘இணைத்தன்மை உண்டு’ என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது, அரசாணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி துறையை எடைபோடுவது எப்படி என்று பார்ப்போம். மகளையே செய்யச் சொல்லுங்கள், அவளுக்கு அது முதல் வரலாற்றுப் பயிற்சியாக இருக்கும். கல்லூரி இணையதளத்தில் ஆறு செமஸ்டருக்கான பாடத்திட்டமும் இருக்கும். தாள்களின் தலைப்புகளைப் படித்துவிட்டு மூடிவிட வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று விஷயங்களைத் தேடட்டும். வரலாற்று வரைவியல், அதாவது வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று கற்பிக்கும் தாள், இருக்கிறதா? கல்வெட்டியல் அல்லது தொல்லியல் தாள் இருந்தால் அதில் களப்பணிக்கு மதிப்பெண் உண்டா, அல்லது அதுவும் மனப்பாடத் தேர்வுதானா? கடைசி ஆண்டில் திட்டக் கட்டுரை உண்டா? பிறகு ஒவ்வொரு தாளின் கீழும் உள்ள நூல் பட்டியலுக்கு வரட்டும். சோழர் வரலாற்றுத் தாளின் பட்டியல் 1930களில் சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியோடு நின்றுபோனால், அதற்குப் பின் நடந்த ஆராய்ச்சி அந்த வகுப்புக்கு வந்து சேரவில்லை என்று பொருள். சாஸ்திரி போட்ட அடித்தளம் பெரியது. ஆனால் திருச்சி அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு நில உடைமையை ஆராய்ந்த நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, ஆர். சம்பகலட்சுமி ஆகியோர் பெயர்கள் பட்டியலில் இருந்தால் அந்தத் துறை விழித்திருக்கிறது.

நேரில் போவதானால் விழா நாளிலோ சேர்க்கை நாளிலோ போகாதீர்கள். சாதாரணப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய், மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் பேசச் சொல்லுங்கள். நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர்களில் அருமையாகப் பாடம் நடத்துபவர்கள் நிறைய உண்டு. குறை அவர்களிடம் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினால் திட்டக் கட்டுரைக்குத் தொடர்ந்து வழிகாட்ட யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால்தான் கேட்கச் சொல்கிறோம். பிறகு நூலகம். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒன்றை எடுத்து, பின் அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் கடைசியாக எந்தத் தேதியில் முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்க்கட்டும். பத்து ஆண்டுகளாக யாரும் தொடவில்லையென்றால், கல்லூரிக் கையேட்டில் அச்சிட்ட பெருமைகளைவிட அந்தச் சீட்டு உண்மையைச் சொல்லும்.

டெல்டாவில் பி.ஏ. படிப்பதை நாங்கள் தயங்காமல் சொல்வதற்குக் காரணம், மூலச் சான்றுகள் பஸ் தூரத்தில் இருப்பதுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள் ஆணை இருக்கிறது: ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொல்லும் ஆணை. அக்கன் என்றது குந்தவையை. அதே கோயில் கல்வெட்டுகளில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு, அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்று கணக்கு வரும். ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அந்த ஆடுகளுக்குப் பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? எண்ணிக்கை குறையக் கூடாது என்றால் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டும் பொறுப்பு யாருடையது? பொறுப்பேற்ற இடையர்களின் பெயரும் ஊரும் ஏன் கல்லில் ஏறின? இந்த மூன்று கேள்விகளை வைத்தே ஒரு பி.ஏ. திட்டக் கட்டுரை எழுதலாம். கல்வெட்டின் அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின் முன்னே நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் வசதி டெல்லியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடையாது. சரஸ்வதி மகால் நூலகத்தின் சுவடிகள், மராட்டியர் காலத்தில் ‘மோடி’ என்ற எழுத்தில் எழுதப்பட்ட ஆவணங்கள், 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டை, டச்சுக்காரர் கையில் இருந்த நாகப்பட்டினம் என்று சோழரைத் தாண்டியும் இங்கே வேலை இருக்கிறது.

திருச்சியைப் பற்றி: அங்குள்ள பழைய கல்லூரிகளின் நூலகமும் ஆங்கிலப் பயிற்சியும் நல்ல பலம். ஆனால் ஒரே கல்லூரிக்குள் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும்; கட்டணம் பல மடங்கு வேறுபடும். விடுதிச் செலவையும் கூட்டிப் பாருங்கள். உதவி பெறும் பிரிவில் தமிழ் வழி இடம் கிடைத்தால் திருச்சி சரி. இல்லையென்றால் ரயிலில் தஞ்சாவூர் போய் வருவதே மேல்.

கியூட் எழுதுவதானால் தமிழக மாணவர்கள் தடுக்கி விழும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களிலேயே வந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் கதவு மூடிவிடும். 2025 முறைப்படி ஒரு பாடத்துக்கு 60 நிமிடம், 50 கேள்வி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். தமிழிலும் எழுதலாம். வரலாற்றுக் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒட்டியவை என்பதால் நம் மாநிலப் பாடநூல் மட்டும் போதாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாறு ஆனர்ஸுக்கு மொழியும் பாடங்களுமாக அது கேட்கும் தாள்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்று குறைந்தாலும் தகுதி இல்லை. தேர்வு எழுதினால் இடம் தானாக வராது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நீலக்குடியில் இருக்கிறது. அந்த ஆண்டு கியூட் பட்டியலில் அது அறிவிக்கும் இளநிலைப் படிப்புகளில் வரலாறு இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லியில் நான்காண்டுப் பட்டம், மூன்றாம் ஆண்டில் வெளியேறவும் வழி உண்டு. செமஸ்டர் தேர்வை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு மே மாதத்தில் ஒரே இணைய விண்ணப்பம். பி.ஏ. வரலாற்றுக்கு, மொழிப் பாடங்களை விட்டு, நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. கணக்குப்பதிவியலில் விட்ட மதிப்பெண்ணும் இடத்தைப் பறிக்கும். விருப்பக் கல்லூரி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாமல் மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் ஊர்களில் வரலாறு உள்ள அரசுக் கல்லூரிகளையும் சேர்த்துக் கொடுங்கள். கலந்தாய்வு தேதி குறுஞ்செய்தியில் வரும். விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் எண் இருந்தால் செய்தி அவருக்குத்தான் போகும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கை அவள் பெயரில் இப்போதே திறந்துவிடுங்கள்.

எம்.ஏ.வுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி எல்லாம் திறந்திருக்கும். அதற்குள் மூன்று ஆண்டுகள் ஆங்கிலத்தில் வாரம் ஒரு கட்டுரையாவது படித்து, ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் பழகியிருக்க வேண்டும். பாடம் தமிழில், வாசிப்பு இரண்டு மொழியிலும் என்று முதல் செமஸ்டரிலேயே வழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

ஒரு வேலையை மட்டும் கல்லூரி வரை தள்ளிப்போட வேண்டாம். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றை இப்போதைய பள்ளியிலும், வேறு பள்ளியில் தொடக்கக் கல்வி படித்திருந்தால் அங்கேயும், மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து, இணைக்கப்பட்டுவிட்ட ஒரு தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி அலைவது மிகக் கடினம்.