ஒரு மா நிலத்தை விற்பதற்கு முன்

பத்தாவது படிக்கிற பையன் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை, ஒரு மா (ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தை விற்றுச் சென்னையில் அகாடமியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். நிலத்தை இப்போது விற்க வேண்டாம் ஐயா. அவன் ஆடுவதையும் நிறுத்த வேண்டாம்.

தோனியைக் காட்டித்தான், அவரைப் போலக் கேப்டன் ஆவேன் என்று வாதாடுகிறான் என்றீர்கள். சரி, தோனியையே எடுத்துக்கொள்வோம். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் பீகாருக்கு ஆடிய பிறகுதான், 2001-ல், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போனார். கரக்பூரில் டிக்கெட் பரிசோதகர். ரஞ்சி ஆடியவருக்கே அப்போது ஒரு சம்பளம் தேவைப்பட்டது. இந்திய அணிக்கு வந்தது 2004 டிசம்பரில், கேப்டன் ஆனது 2007-ல். பையன் 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோனி அடித்த சிக்ஸரை மட்டும் பார்த்திருக்கிறான். கரக்பூர் கதையையும் சொல்லுங்கள்.

சுழற்பந்து வீச்சாளர் அனில் கும்ப்ளே 19 வயதில் இந்தியாவுக்கு ஆடினார், மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் முடித்தார். டெஸ்ட் கேப்டன் ஆனபோது வயது 37. அதனால் கேப்டன் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அறுவடை முடிந்த வயலில் டென்னிஸ் பந்தில் சிக்ஸர் அடிக்காத பையன் நம் பக்கம் உண்டா? லெதர் பந்து வேறு சங்கதி. முதலில் அதில் ஒரு வருடம் ஆடட்டும். மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் வயதுப் பிரிவுத் தேர்வுக்கு அனுப்புங்கள். அங்கே பெயர் வந்தால் அடுத்தது மாநில அணித் தேர்வு. அந்த நிலைக்கு வந்தபின் சென்னையைப் பற்றிப் பேசலாம். பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் எலும்பை எக்ஸ்ரே எடுத்தே வயது பார்க்கிறார்கள்.

படிப்பு அதுபாட்டுக்கு ஓடட்டும். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள் என்று நம்பிக் குறுவைக்கு நாற்று விடுகிறீர்கள், பம்புசெட்டையும் பழுது பார்த்துத்தானே வைக்கிறீர்கள்? பதினொன்றாம் வகுப்பில் அவனுக்குப் பிடித்த பாடப்பிரிவே போதும். கல்லூரி அணியில் ஆடினால் பல்கலைக்கழகப் போட்டிகள் உண்டு, அந்தச் சான்றிதழ்கள் பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு உதவும்.

அடுத்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பையன் மட்டை பிடிப்பவனா, பந்து போடுபவனா என்று கேட்டேன், உங்களுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடுவதைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.