ஹீலியமும் ஒட்டாத உலோகம்

கேள்வி: திரவ ஹீலியம் கிண்ணத்தின் சுவரில் தானே ஏறி வெளியே வழியும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அது ஒட்டாத பொருளே கிடையாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. சீசியம் என்ற உலோகம்.

முதலில் சமையலறைக்குப் போவோம். பிசுக்குப் போகாத எவர்சில்வர் தட்டில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும். நன்றாகத் தேய்த்த தட்டில் படரும். நேற்று நான் கழுவிய தட்டில் ஒரு ஓரம் மட்டும் முத்துக் கட்டி என் தேய்ப்பின் லட்சணத்தைக் காட்டிக்கொடுத்தது. தண்ணீருக்குத் தன் மேலேயே பிடிப்பு அதிகமா, தட்டின் மேல் அதிகமா என்பதுதான் வழக்கு.

ஹீலியம் அணுக்களுக்குள் ஒட்டுதல் மிகக் குறைவு. அணுவும் லேசு. குவாண்டம் விதிப்படி எவ்வளவு குளிர்வித்தாலும் அதன் துள்ளல் அடங்காது. சுமார் 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் உறையும். அதனால் எந்தச் சுவர் லேசாகக் கூப்பிட்டாலும் போய்ப் படர்ந்துவிடும். சீசியம் மட்டும் கூப்பிடுவதில்லை. அதன் வெளி எலக்ட்ரான் தளர்வாகப் பரவி நின்று, ஹீலியத்தைக் கிட்ட வரவிடாமல் தள்ளியே வைக்கிறது. தூரம் கூடினால் இழுப்பு குறையும்.

இதை 1991-இல் செங், கோல், சாம், ட்ரெய்னர் ஆகிய நான்கு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதே ஆண்டு பாரிஸில் சோதனையில் தெரிந்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் இர்வைனில் ரட்லெட்ஜும் டாபொரெக்கும் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தில் சீசியம் பூசிப் பார்த்தார்கள். ஹீலியம் படலம் உட்கார்ந்தால் எடை ஏறி அதிர்வு மந்தமாகும். தராசு மாதிரிதான். ஏறத்தாழ 2 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஹீலியம் துளி துளியாகவே நிற்கிறது. அதைத் தாண்டினால் படர்கிறது.

சரி, சூடேறினால் ஏன் படர வேண்டும்? திரவத்தின் மேற்பரப்பு ஒருபோதும் தட்டையாக இருப்பதில்லை. வெப்பம் அதில் ஓயாமல் சிற்றலைகளை எழுப்புகிறது. அலை பெருகப் பெருகப் பரப்பு இழுவிசை குறைகிறது, துளி தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ள முடியாமல் போகிறது. தண்ணீரில் இந்த அலையின் உயரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, கண்ணில் படாது. ஆனால் இழுவிசை மிக மிகக் குறைந்த ஒரு கூழ்மக் கலவையில் (நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தில்) அது மைக்ரோமீட்டர் அளவுக்கு எழும்பியதை 2004-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்தார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். சீசியம் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். எவர்சில்வர் தட்டே போதும்.