எஸ்டேட் சேலில் கிடைத்த ஏழு டாலர் காசு: எது வெள்ளி, எது விலை, எது போலி

கேள்வி கேட்ட தம்பி அமெரிக்காவுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்த எஸ்டேட் சேலில், அதாவது இறந்தவரின் அல்லது வீடு காலிசெய்பவரின் சாமான்களை விற்கும் விற்பனையில், ஏழு பெரிய டாலர் காசுகளை மொத்தமாக 240 டாலருக்கு வாங்கியிருக்கிறார். காசுகளில் உள்ள வருஷங்கள் 1876, 1881, 1889, 1921 இரண்டு, 1922, 1972. எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா, இங்கேயே விற்கலாமா, ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்.

தம்பி, முதல் வேலையாகத் தேய்க்கிற எண்ணத்தை விடுங்கள். வெள்ளிக் காமாட்சி விளக்கைத் திருநீறோ பல்பொடியோ போட்டுத் துலக்கிப் பழகிய கை சும்மா இருக்காதுதான். ஆனால் பழைய காசில் அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அச்சடிக்கும்போது உலோகம் ஓடிய நுண்வரிகள் காசின் மேல்பரப்பில் இருக்கும். தேய்த்தால் அவை மழுங்கி, பதிலுக்கு ஒரே திசையில் ஓடும் கீறல்கள் வந்துவிடும். பத்து மடங்கு லென்ஸில் வியாபாரி அதை ஒரு நொடியில் பார்த்துவிடுவார். பேக்கிங் சோடா, அலுமினியத் தாள், வெள்ளிப் பாலிஷ் எதுவும் வேண்டாம். பச்சையாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் மட்டும், அது பழைய பிவிசி உறையின் வேலை, சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் அசிட்டோன் ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

இனி உங்கள் ஏழையும் பிரிப்போம். 1881, 1889, இரண்டு 1921-இல் ஒன்று: மார்கன் டாலர். முன்பக்கம் பெண் தலை, பின்பக்கம் இறக்கை விரித்த கழுகு, அதைச் சுற்றி இலை வளையம். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-இல் ஒரே ஒரு வருஷமும் அடித்தார்கள். இன்னொரு 1921-உம் 1922-உம் பீஸ் டாலராக இருக்கும்: தலையில் கதிர்க் கிரீடம், பின்னால் பாறைமேல் இறக்கை மடக்கி நிற்கும் கழுகு. இரண்டு 1921-உம் மார்கனாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை, அதுதான் மலிவாகக் கிடைப்பது. 1876 டிரேட் டாலர், சீன வியாபாரத்துக்காக அடித்தது. அமர்ந்திருக்கும் பெண், பின்னால் 420 கிரெய்ன், 900 ஃபைன் என்ற எழுத்து. 1972 ஐசனாவர் டாலர், பின்னால் கழுகு நிலாவில் இறங்கும்.

அடுத்தது எடை. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், சமையலறைத் தராசு இதற்கு உதவாது. மார்கனும் பீஸும் புதிதில் 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. புழங்கித் தேய்ந்தது 26 கிராமுக்குச் சற்று மேலே நிற்கலாம். 24, 25 என்று காட்டினால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரேட் டாலர் 27.22 கிராம். 1972 காசு 22.68 கிராம் காட்டினால் அதில் வெள்ளியே கிடையாது, கடையில் கொடுத்தால் ஒரு டாலர்தான். 24.59 காட்டினால் சேகரிப்பாளர்களுக்காக சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த 40 சதவீத வெள்ளி. முன்பக்கத்தில் எஸ் எழுத்து இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், எஸ் போட்டு வெள்ளியில்லாமலும் அடுத்த வருஷங்களில் அடித்திருக்கிறார்கள். தராசு சொல்வதே கணக்கு.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அடர்த்தியும் பார்க்க வேண்டும். தராசின்மேல் தண்ணீர்க் கிளாஸை வைத்து சைபர் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. உண்மையான மார்கனுக்கு அது 2.6 கிராம் அளவில் வரும். செம்பு நிக்கல் போலியானால் 3.0, பித்தளையானால் அதற்கும் மேல். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிக் காட்டும், ஒரு தடவை ஆட்டிவிட்டுப் பாருங்கள். காந்தமும் வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, பித்தளையும் ஒட்டாதே. உங்கள் ஏழு காசுகளில் எனக்கு அதிகம் சந்தேகம் அந்த 1876-மேல்தான். டிரேட் டாலர் போலிகள் ஏராளமாகப் புழங்குகின்றன. அதில் சின்னச் சின்ன சீன எழுத்து முத்திரைகள் குத்தியிருந்தால் பதற வேண்டாம், அந்தக் காலத்து வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய அடையாளம் அது. ஆனால் முத்திரையையும் போலியாகக் குத்துகிறார்கள், அதனால் தராசுக்குத் தப்ப முடியாது.

இப்போது விலையை ஆளுகிற விஷயம், மின்ட் மார்க், அதாவது காசை எந்த ஊர் அச்சுச்சாலையில் அடித்தார்கள் என்று காட்டும் சின்ன எழுத்து. மார்கனில் பின்பக்கம், இலை வளையத்தின் முடிச்சுக்குக் கீழே பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஃபிலடெல்பியா, எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி, 1921-இல் மட்டும் டி, அதாவது டென்வர். பீஸ் டாலரில் பின்பக்கம் இடதுபுறம், ஒன் என்ற சொல்லுக்குக் கீழே. உங்கள் 1889-இல் ஒன்றும் இல்லையென்றால் அது சாதாரணக் காசு. சிசி இருந்தால் மொத்தம் 3,50,000 மட்டுமே அடித்த காசு, தேய்ந்து போனதே பல நூறு டாலருக்குப் போகும். அதனாலேயே மார்க் இல்லாத 1889-இல் சிசியை ஒட்டி விற்கிற கூட்டம் உண்டு. எழுத்தின் அடிப்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒட்டிய எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடோ நிற வேறுபாடோ தெரியும். இதற்கு நேர்மாறான வித்தையும் இருக்கிறது: 1928 பீஸ் டாலரில் எஸ்ஸைச் சுரண்டி எடுத்துவிட்டால் அது 3,60,649 மட்டுமே அடித்த ஃபிலடெல்பியா காசாக வேஷம் போடும்.

அச்சடித்த எண்ணிக்கையை வைத்து மட்டும் விலை கணிக்கவும் கூடாது. 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை அமெரிக்க அரசே உருக்கியது. பெரும்பங்கை பிரிட்டன் வாங்கியது எதற்கென்றால், முதல் உலகப் போர் நேரத்தில் இந்தியாவில் ரூபாய்க் காசுக்கு வெள்ளி தட்டுப்பாடாக இருந்ததால். பழைய மார்கன்கள் உருகி ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாயாக நம் ஊர்ச் சந்தைகளிலும் புழங்கியிருக்கும். எந்த வருஷத்துக் காசு எத்தனை உருகியது என்று யாரும் தனித்தனியாகக் கணக்கு எழுதி வைக்கவில்லை. நேர்மாறாகவும் நடந்தது: 1903 நியூ ஆர்லியன்ஸ் காசு அரிதிலும் அரிது என்று ஆயிரம் டாலருக்கு மேல் மதித்துக்கொண்டிருந்தார்கள். 1962 கடைசியில் அரசுக் கருவூலத்திலிருந்து அதே காசு மூட்டை மூட்டையாக வெளியே வந்ததும் விலை சரிந்தது.

உங்கள் காசுகளிலேயே கவனிக்க வேண்டிய இன்னொன்று 1921 பீஸ் டாலர், அது உண்மையில் பீஸாக இருந்தால். அந்த வருஷக் கடைசி நாட்களில் பத்து லட்சத்துச் சொச்சம் அடித்தார்கள், உருவம் மற்ற வருஷங்களைவிடப் புடைப்பாக இருக்கும். அச்சு சரியாக விழவில்லை என்று 1922-இல் புடைப்பைக் குறைத்துவிட்டார்கள். தேய்ந்ததே நூறு டாலருக்கு மேல் போகும்.

தரம் பார்ப்பது பழக்கத்தில் வருவது. மார்கனில் காதுக்கு மேலே உள்ள முடியும், கழுகின் மார்பும்தான் முதலில் தேயும். முடி வரிகள் தனித்தனியாகத் தெரிந்து, ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளிக்கதிர்கள் சக்கரம்போல் சுற்றினால் அது புழங்காத காசு. கன்னத்தில் வெட்டுக்காயங்கள் இருந்தாலும் புழங்காததாக இருக்கலாம். ஆயிரம் ஆயிரமாக மூட்டையில் கிடந்து மோதிய தழும்பு அது. தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் உண்டு, 60-உம் அதற்கு மேலும் புழங்காதது. எண் ஒன்று இரண்டு மாறினால் விலை எவ்வளவு மாறும் என்பதும் காசைப் பொறுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் 1881 ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் அடித்தது, 65 தரத்திலேயே தாராளமாகக் கிடைக்கும். அதே ஊரின் 1884 தேய்ந்த நிலையில் சல்லிசு, நல்ல புழங்காத நிலையில் வீடு வாங்குகிற பணம்.

தரச்சான்றுக்கு பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்களையும் எல்லா வியாபாரிகளும் ஒப்புக்கொள்வார்கள். காசைக் கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லாபில் பூட்டி, எண் போட்டுத் தருவார்கள். கட்டணமும் இன்சூரன்ஸ் தபாலும் சேர்ந்தால் சாதாரண காசின் விலையையே தின்றுவிடும், அதனால் உங்களுடையதில் சிசி, 1921 பீஸ் தவிர எதையும் அனுப்பாதீர்கள். துலக்கிய காசை அனுப்பினால் தர எண்ணுக்குப் பதிலாக 'டீடெயில்ஸ்', அதாவது காசு கெடுக்கப்பட்டது, என்று எழுதி வரும். ஸ்லாபோடு வாங்குவதாக இருந்தால், அதில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். போலி ஸ்லாபும் சந்தையில் இருக்கிறது.

மற்ற காசுகளுக்குக் கணக்கு எளிது. ஒரு மார்கனிலோ பீஸிலோ சுத்த வெள்ளி 0.7734 டிராய் அவுன்ஸ். அவுன்ஸ் 40 டாலர் என்று வைத்தால் 30.94 டாலர். டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், மளிகைக் கடை அவுன்ஸ் 28.35, இரண்டையும் குழப்பினால் கணக்கு உதைக்கும். கடைக்காரர் சாதாரண காசுக்கு இந்தத் தொகைக்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ தருவார். அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துக்கொண்டு போய், மூன்று காயின் ஷாப்பில் கேளுங்கள். அடகுக்கடைக்குப் போகவேண்டாம். ஈபேயில் விற்பவர் கேட்கும் விலை கதைக்கு உதவாது, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் அங்கே விற்றால் பத்து சதவீதத்துக்கு மேல் கமிஷன் போகும் என்பதையும் சேருங்கள். வாங்கிய ரசீது இல்லையென்றால் இன்றைய தேதி, தொகை, இடம் மூன்றையும் எழுதிவைத்து, கொடுத்த பணத்தின் வங்கிப் பதிவையும் சேமியுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கு, சேகரிப்புப் பொருள் என்ற வகையில் 28 சதவீதம் வரை வரி வரலாம்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்காத ஒன்று இன்சூரன்ஸ். வாடகை வீட்டு பாலிசிகள் பலவற்றில் காசுக்கும் வெள்ளிக்கும் சேர்த்து 200 டாலர்தான் உச்சவரம்பு. வங்கி லாக்கரில் வைத்தாலும் எஃப்டிஐசி என்ற அரசு டெபாசிட் காப்பீட்டின் பாதுகாப்பு லாக்கருக்குள் இருப்பதைத் தொடாது. அதிக மதிப்பு என்று தெரிந்தால் பாலிசியில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சுங்கக் கேள்விகள் ஒருபுறம். இன்னொருபுறம், இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம் நூறு வருஷம் கடந்த காசையும் தொல்பொருளாகவே பார்க்கிறது, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை. உங்கள் 1922 உட்பட ஆறு காசுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. வாங்க ஆளும் விலைப்பட்டியலும் இங்கேதான் இருக்கின்றன. இன்று ராத்திரியே செய்யக்கூடியது: தராசுக்கு ஆர்டர் போடுங்கள், 1889-இன் பின்பக்கத்தையும் இரண்டு 1921-இன் முன்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.