பாக்டீரியா உரம் போட்டால் பயிர் உண்மையிலேயே நன்றாக வளருமா, இல்லை வெறும் விளம்பரமா?

வளரும். ஆனால் முதல் தடவை எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். பயறு வேரில் முடிச்சு போட்டு, அதற்குள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா ரைசோபியம். பூஞ்சாணக்கொல்லி ஏற்கெனவே கலந்திருந்த பயறு விதையோடு அதையும் பிசைந்து, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் பரப்பிவிட்டேன். மருந்துக்குத் தப்பியது வெயிலில் செத்திருக்கும். 35 நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வேரில் பேருக்கு நாலு முடிச்சு.

அடுத்த போகத்தில் வெறும் விதையை எடுத்து, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் பாக்கெட்டைக் கரைத்துக் கலந்தேன். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்தேன். இந்த முறை முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம்தான் அடையாளம். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் ஒன்று அங்கே இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும்; பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அளந்து அளந்து கொடுப்பது இந்தப் புரதத்தின் வேலை. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

செடி இந்த நைட்ரஜனுக்காகப் பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் நைட்ரஜன் அதிலேயே கிடைத்துவிடும்; அந்தக் கூலி செடிக்கு வீண் செலவு, முடிச்சையே குறைத்துக்கொள்ளும். ரெண்டையும் போட்டால் ரெட்டிப்புப் பலன் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எந்தப் பயிருக்கு எந்த ரக ரைசோபியம் என்பதும் முக்கியம். தட்டைப்பயறுக்கான ரைசோபியம் சோயாவுக்குப் பெரிதாக உதவாது. சோயாவே விளையாத நிலத்தில் முதன்முதலாகப் போடும்போது, சரியான ரகத்தைக் கலந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தானியப் பயிர்களுக்கு அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா. இது முடிச்சு போடாது. கொஞ்சம் நைட்ரஜன் கொடுக்கும், ஆனால் முக்கியமான உதவி வேரைக் கிளைவிடத் தூண்டும் ஹார்மோன்தான். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து, மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துவிடும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உரமே இல்லை, வேரழுகலுக்கு எதிரான காவல்காரன்.

எல்லாமே உயிர்கள் என்பதால் தொழு உரமோ மட்கோ இல்லாத மண்ணில் ரொம்ப நாள் தாங்காது. பாக்கெட்டில் தேதி பாருங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டை நான் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

அப்புறம், நான் சொல்வதை நம்ப வேண்டாம். நாலு வரிசையை மட்டும் பாக்டீரியா கலக்காமல் விதையுங்கள், அதையே முதலில் விதைத்துவிட்டால் கையில் ஒட்டியது அங்கே போகாது. பயறு பூக்கிற சமயத்தில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து செடி எடுத்துப் பாருங்கள். பிடுங்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசிவிட்டு எண்ணுங்கள்.