மைக்குக்கு முன்னால் அறையைக் கவனியுங்கள்

எழுதிய கதையை, கட்டுரையை வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: என் சிறுகதைகளை நானே வாசித்து ஒலிநூலாக்க விரும்பி, விலை கூடிய கண்டென்சர் மைக் ஒன்று வாங்கினேன். கேட்டுப் பார்த்தால் காலி மண்டபத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது. தெருவில் போகும் ஆட்டோ ஹாரனும் விழுகிறது. மைக்கை மாற்ற வேண்டுமா? (ஒரு வாசகி, மதுரை)

வேண்டாம். கண்டென்சர் மைக் நுண்ணிய ஓசையையும் பிடிக்கும் வகை, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர், கான்கிரீட் கூரை என்று நம் அறைகளில் ஆறு பக்கமும் கெட்டியான பரப்புகள். உங்கள் குரல் நேராக ஒருமுறை மைக்கில் விழுகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பி, சற்றே பிந்திப் பலமுறை விழுகிறது. மண்டப ஓசை இப்படித்தான் வருகிறது. பின்னால் மென்பொருளால் இதை நீக்க முயன்றால் குரலின் இயல்பு கெடக்கூடும்.

வீட்டிலேயே சிறிய, துணிமணி நிறைந்த அறையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டு நின்றபிறகும் 'ட்ரிங்' என்று ஒரு இழுவை கேட்டால் இன்னும் துணி வேண்டும். பலர் மைக்கின் பின்னால் மட்டும் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறார்கள். கார்டியாய்டு வகை மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும். அதன் முன்னால் இருப்பது உங்கள் முகம், அதற்கும் பின்னால் உள்ள சுவர். ஆகவே முதல் கனமான ரஜாய் உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்க வேண்டும். சுவரோடு ஒட்டாமல் ஐந்து முதல் பத்து செ.மீ. இடைவெளி விட்டால் கூடுதலாக உறிஞ்சும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவதும் நல்ல வழி. மேசைமேல் தடித்த துண்டு விரியுங்கள். வெறும் மேசை குரலை நேராக மைக்குக்குத் திருப்பி அனுப்பும். முட்டை அட்டைகளை ஒட்டுவது வீண் வேலை.

ஹாரன் வேறு பிரச்சினை. துணி எதிரொலியைக் குறைக்கும், வெளிச் சத்தத்தைத் தடுக்காது. சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. காலை ஐந்து, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று என்று மூன்று வேளையிலும் ஒரு நிமிடம் வாய் திறக்காமல் பதிவு செய்து ஒப்பிடுங்கள். பிற்பகல் மூன்று மணி அமைதியாக இருக்கும் தெருக்களும் உண்டு.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். மோட்டாரின் ரீங்காரம் போதாதென்று காற்றும் மைக்கில் மோதும். ஏசி இருந்தால் அறையைக் குளிரவைத்துவிட்டு அணையுங்கள். இல்லையென்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி வியர்வையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜின் சத்தம் கேட்டால் அதையும் அணைக்கலாம். அப்போது வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவிடுங்கள், திரும்பப் போட மறக்காது.

வாய்க்கும் மைக்குக்கும் பதினைந்து முதல் இருபது செ.மீ. தூரம் போதும். தூரம் பாதியானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறைச் சத்தம் அப்படியே இருக்கும். பத்து செ.மீ.க்குள் போனால் அடிக்குரல் வீங்கிக் கேட்கும். இவ்வளவு செய்தும் அறை அடங்கவில்லை என்றால் மட்டும், மிக நெருங்கிப் பேசுவதற்கென்றே அமைந்த டைனமிக் மைக்கை யோசியுங்கள்.

கேள்வி: செல்போனிலேயே பதிவு செய்தால் போதாதா? (தஞ்சாவூர் வாசகர்)

தொடங்குவதற்குப் போதும். மேலே சொன்னபடி அறையைத் தயார் செய்தால், செல்போன் பதிவே எதிரொலிக்கும் அறையில் வைத்த விலை கூடிய மைக்கைவிட நன்றாக இருக்கும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள், ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஒலியைச் சுருக்கும் எம்பி3 அல்லாமல், சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். நீங்கள் மூச்சு விடும் இடைவெளியிலெல்லாம் பின்னணி இரைச்சலை அது தூக்கிக் காட்டும். புளூடூத் ஹெட்செட் மைக் மட்டும் வேண்டாம், குரல் டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும்.

கேள்வி: நடுவில் தடுமாறினால் பக்கத்தை முதலிலிருந்து வாசிக்கிறேன். ஒரு கதைக்கு நாள் முழுக்கப் போகிறது. (திருச்சி வாசகி)

பக்கத்தை அல்ல, வாக்கியத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள். பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். எடிட்டிங்கின்போது கைதட்டு ஒல்லியான உயரக் கோடாகத் தெரியும். தேடாமல் நேராக அங்கே போய் வெட்டலாம்.

இதைவிட நல்ல முறை 'பஞ்ச் அண்ட் ரோல்'. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் உண்டு. தவறுக்கு முந்தைய மூச்சிடைவெளியில் கர்சரை வைத்து ஷிஃப்ட், டி அழுத்தினால், அதற்கு முன் வாசித்த சில வினாடிகள் ஹெட்ஃபோனில் ஓடி, சரியாக அந்த இடத்தில் பதிவு தொடங்கும். முன்வாக்கியத்தின் வேகமும் தொனியும் காதில் இருப்பதால் ஒட்டு தெரியாது. தவறை மறுநாள் திருத்தினால் தெரியும், குரல் ஒருநாள்போல் மறுநாள் இருக்காது. அன்றைய பிழையை அன்றே முடியுங்கள்.

கேள்வி: 'ப' வரும்போதெல்லாம் 'புஸ்' என்று அடிக்கிறது. வாயில் 'சளக்' சத்தமும் கேட்கிறது. (கோவை வாசகர்)

முதலாவது, உதடு பிரியும்போது வெளிவரும் காற்று நேராக மைக்கில் மோதுவது. மைக்கை வாய்க்கு எதிரே வைக்காமல் முப்பது, நாற்பது பாகை பக்கவாட்டில் தள்ளி, வாயை நோக்கித் திருப்பி வையுங்கள். காற்று விலகிப் போகும், குரல் விழும். இடையில் ஒரு பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் மெல்லிய வலைத் திரை) இருக்கட்டும். இரண்டாவது, வாய் உலர்வதால் வருவது. வாசிக்கும்போது மட்டும் குடித்தால் போதாது, ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடியுங்கள். காபி, பால், தயிர் வேண்டாம். இரண்டு துண்டு பச்சை ஆப்பிள் மென்றால் எச்சிலின் பிசுபிசுப்பு குறையும்.

கேள்வி: ஒலி அளவு சரியில்லை என்று பதிவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒலியைக் கூட்டி அனுப்பினேன், இப்போது இரைச்சல் அதிகம் என்கிறார்கள். (சேலம் வாசகர்)

இரண்டும் ஒரே கோளாறுதான். ஒலிநூல் துறையில் பலரும் பின்பற்றுபவை, ஆடிபிள் நிறுவனத்தின் ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸின் அளவுகள். பதிவு தாங்கும் உச்ச ஒலி 0 டெசிபல், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒலி குறையும். அளவுகள் இவை: சராசரி ஒலி (ஆர்எம்எஸ்) மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக்கூடாது, பேசாத இடத்து இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. உங்கள் பதிவின் சராசரி மைனஸ் 32, இரைச்சல் மைனஸ் 65 என்று வையுங்கள். சராசரியை மைனஸ் 20-க்குக் கொண்டுவர 12 டெசிபல் கூட்டினால் இரைச்சலும் 12 ஏறி மைனஸ் 53-இல் நிற்கும். ஆகவே பதிவின்போதே குரலின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் வரும்படி கெயினை (மைக்கின் ஒலியைக் கூட்டும் அளவை) வையுங்கள். அதற்குமேல் கெயினை ஏற்றாதீர்கள், மைக்கை நெருங்குங்கள்.

மென்பொருளில் பதிவு அமைப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று இருக்கட்டும். மணிக்குச் சுமார் 475 எம்பி பிடிக்கும். வாசிக்கத் தொடங்குமுன் அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பிடித்து வையுங்கள். வெட்டிய இடங்களில் அதைத்தான் ஒட்ட வேண்டும். முழு மௌனத்தை வைத்தால் கேட்பவருக்குப் பதிவு அறுந்துபோனதாகத் தோன்றும். பிறகு ஆடாசிட்டியில் இந்த வரிசை: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடி முழக்கத்தை வெட்டுவது, லவுட்னஸ் நார்மலைசேஷனில் (சராசரி ஒலியைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி) ஆர்எம்எஸ் மைனஸ் 20, கடைசியாக லிமிட்டர் மைனஸ் 3.5. நார்மலைசேஷன் உச்சங்களை மேலே தள்ளும், லிமிட்டர் அவற்றைப் பிடிக்கும்; அதனால் வரிசையை மாற்றக்கூடாது.

நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சலைக் குறைக்கும் வசதி) கட்டாயம் என்றால் 6 டெசிபலில் தொடங்குங்கள். 12-ஐத் தாண்டினால் சொற்களின் ஓரத்தில் உலோகச் சலசலப்பு ஏறும். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் 'ம்ம்' என்று இழுத்தால், அது எர்த் சரியில்லாத 50 ஹெர்ட்ஸ் மின்சார ஓசை, பேட்டரியில் ஓட்டுங்கள். மூச்சொலிகளை அழிக்காதீர்கள். உறுத்துபவற்றை மட்டும் ஆறு டெசிபல் தணியுங்கள்.

கேள்வி: வாசிக்குமுன் பிரதியில் என்ன குறித்துக்கொள்வது? (ஈரோடு வாசகி)

உச்சரிப்பை முதலில். நம் எழுத்தில் 'பாவம்' ஒன்றுதான். செய்த பாவமா, முகபாவமா என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். பந்தம், பலம் போன்றவையும் அப்படியே. ஆண்டுகளையும் எண்களையும் ஓரத்தில் எழுத்தால் எழுதிவிடுங்கள். உரையாடலில் பாத்திரம் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்து, அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். 'வந்துட்டான்' என்று எழுதியிருப்பதை 'வந்துவிட்டான்' ஆக்குவதும், எழுத்து நடையில் உள்ளதைப் பேச்சாக்குவதும் எழுதியவருக்குச் செய்யும் தவறு. பெண் பாத்திரத்துக்குக் கீச்சுக் குரல் தேவையில்லை. வேகத்தைச் சற்று மாற்றினாலே ஆள் வேறுபடும்.

கேள்வி: பார்வையற்ற என் மாமனாருக்காக ஒரு நாவலை வாசித்துப் பதிவு செய்கிறேன். அதையே யூடியூபிலும் போடலாமா? (சென்னை வாசகி)

மாமனாருக்காகத் தாராளமாகச் செய்யுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு அதற்கு இடம் தருகிறது. யூடியூப் எல்லோருக்குமானது, அங்கே இந்தச் சலுகை செல்லாது. எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு உரிமை உண்டு. புதுமைப்பித்தன் மறைந்தது 1948, வாழ்நாளில் வெளியானவற்றுக்கு உரிமை 2008-உடன் முடிந்தது. ஜெயகாந்தன் மறைந்தது 2015, 2075 முடியும்வரை அனுமதி வேண்டும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் புதிய பதிப்பின் முன்னுரை, அடிக்குறிப்புகள் வேறொருவருடையவை, அவற்றை விட்டுவிடுங்கள். எழுத்தாளர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பெயர் சொல்வது அனுமதி ஆகாது.

சொந்தக் கதையை வாசிப்பவர்களும் பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, ஒலி உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அனுமதி கேட்டு எழுதும்போது முழு நூலா பகுதியா, எங்கே வெளியிடுவீர்கள், இலவசமா கட்டணமா, எத்தனை ஆண்டுக்கு என்ற நான்கையும் குறிப்பிட்டு, பதிலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.