தனியாகப் பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 52 வயது. தைப்பூசத்துக்கு எங்கள் தெருக்காரர்களோடு கோயம்புத்தூரிலிருந்து பழனிக்கு நடப்பது வழக்கம். குருசாமிக்கு முட்டி தேய்ந்து போனதும் செட்டு கலைந்துவிட்டது. வேறு செட்டில் சேர மனசில்லை. தனியாகவே போகலாமென்று இருக்கிறேன். மகனும் மருமகளும் கூடவே கூடாது என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சிங்காநல்லூர்

பதில்: போங்கள் அம்மிணி, தாராளமாகப் போங்கள். ஆனால் செட்டோடு நடந்த மாதிரியே தனியாகவும் நடக்கக் கூடாது.

செட்டுக்காரர்கள் ராத்திரியில் நடப்பார்கள். வெயில் கிடையாது, பூசத்தை ஒட்டி நிலா வெளிச்சமும் இருக்கும். முன்னால் டார்ச்சோடு ஒருவர், பின்னால் சாமான் வண்டி. முப்பது பேர் சேர்ந்து போனால் லாரிக்காரருக்கு தூரத்திலேயே தெரியும். அதே ரோட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒற்றை ஆளாகப் போனால் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அதனால் தனியாகப் போகிறவர்கள் பகலில்தான் நடக்க வேண்டும். விடிந்து முகம் தெரிகிற நேரத்தில் கிளம்பி, 11 மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். 4 மணிக்கு மேல் மறுபடி நடந்து, இருட்டுவதற்குள் படுக்க இடம் சேர வேண்டும். வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். பச்சைச் சேலை, காவிச் சேலை எல்லாம் மசங்கலில் கறுப்பாகத்தான் தெரியும். பையின் முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர். செட்டு விறுவிறுவென்று முடித்துவிடும். உங்களுக்கு ஐந்தாறு நாள் ஆகட்டும், அதனாலென்ன? முதல் நாள் கிணத்துக்கடவு. முடிந்தால் மறுநாள் காலையில் பொன்மலை ஏறி வேலாயுதசாமியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடுத்தது பொள்ளாச்சி. அங்கிருந்து உடுமலை கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஒரே நாளில் போக வேண்டாம். கோமங்கலம்புதூர் பக்கம் நிறுத்தி, பஸ் பிடித்து உடுமலை போய் ஒரு நல்ல லாட்ஜில் படுங்கள். காலையில் பஸ்ஸில் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நடங்கள். படுப்பதற்காக பஸ் ஏறினால் விரதம் கெட்டதாகிவிடுமா? என் மனசுக்கு அப்படிப் படவில்லை. நடக்கிற தூரம் ஒரு அடிகூடக் குறைவதில்லையே. உடுமலையிலிருந்து மடத்துக்குளம், அங்கிருந்து சண்முகநதியில் குளித்துவிட்டுப் பழனி. இரண்டும் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர்தான்.

பொள்ளாச்சிக்கு அப்புறம் ரயில் பாதையும் கூடவே வருகிறது. உடுமலை, மடத்துக்குளம், புஷ்பத்தூர் எல்லாம் ஸ்டேஷன் உள்ள ஊர்கள். முடியவில்லை என்றால் ரயிலோ பஸ்ஸோ ஏறிவிடலாம் என்பதை மகனிடம் எடுத்துச் சொல்லுங்கள். காலையில் கிளம்பும்போதும் சாயங்காலம் தங்கும் இடம் சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டாலே அவருக்குப் பாதி பயம் போய்விடும்.

பூசத்துக்கு முந்தின வாரத்திலேயே போங்கள். வழியெல்லாம் அன்னதானப் பந்தல் இருக்கும், மருத்துவ முகாம் இருக்கும், பெண்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். ஆளில்லாத ஆனி, ஆடியில் தனியாகப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தனி நடையில் ஒரு சுகம் உண்டு. செட்டில் போகும்போது அடுத்தவர் வேகம்தான் நம் வேகம். கண் முன்னால் போகிறவரின் குதிகாலிலேயே இருக்கும். தனியாகப் போனால் வேப்பமரத்தடியில் தோன்றுகிற வரைக்கும் உட்காரலாம், அழத் தோன்றினால் அழலாம். உடுமலை தாண்டினால் தெற்கே மலை கூடவே வரும். அதைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு "முருகா" என்று கூப்பிட்டு நடப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்கும்.

கேள்வி: எனக்கு 60 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. செருப்பில்லாமல் நடந்து வருவதாக வேண்டுதல். மருந்து தடவிக்கொண்டு நடந்தால் போதுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: போதாதுங்க. நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் பாதயாத்திரை முகாமில் உட்கார்ந்து எத்தனையோ கால்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாளாக நாளாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் குத்தியதும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. "வலிக்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே ரத்தம் கசியும் காலை நீட்டுவார்கள். அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

காலுக்குப் பழகின செருப்போ ஷூவோ போட்டு நடங்கள். புதிதாக வாங்கி அன்றைக்கே போடாதீர்கள். தினமும் படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் குத்தாமல் முகாமில் காட்டுங்கள். வேண்டுதலுக்கு, அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் 693 படியையும் வெறுங்காலோடு ஏறுங்கள். இவ்வளவு தூரம் நடந்து வருகிறவரை முருகன் செருப்புக்காகக் கோபித்துக்கொள்வான் என்று நான் நம்பவில்லை.

நாளெல்லாம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மாத்திரை, ஊசி அளவைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். மடியில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் பந்தல் வரட்டும் என்று காத்திருக்காமல், அங்கேயே உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.