புழுவின் வளர்ச்சிக் காலத்தை ஆளும் மரபணுக்களை ஆராய்வதால் யாருக்குப் பயன்?

முதுகலை ஆய்வுக்கு இந்த மரபணுக்களை எடுத்துக்கொள்ளலாமா, மனிதருக்கு இதனால் ஏதேனும் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ, “டாக்டருக்குப் படிக்காமல் புழுவையா படிக்கப் போகிறாய்?” என்று கேட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்களின் பேத்தியான நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆகவே, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் இப்புழுவின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். நான்கு இளம்பருவங்களைக் கடந்து மூன்றே நாளில் முதிர்ந்துவிடும். எந்தச் செல் எப்போது பிரியும் என்பதை உயிரியலாளர் ஜான் சல்ஸ்டனும் அவருடன் உழைத்தவர்களும் முழுமையாக வரைந்து வைத்திருப்பதால், காலம் பிசகினால் உடனே தெரிந்துவிடும். லின்-4 மரபணு பழுதான புழுக்களை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த நாளை என்னால் மறக்க இயலாது. முதலாம் ஆண்டு மாணவன் மறு ஆண்டும் அதே வகுப்பில் அமர்வதைப் போல, அவற்றின் செல்கள் முதல் பருவத்துப் பிரிவுகளையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. முட்டையிடும் துவாரம் உருவாவதே இல்லை. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, அதன் மெல்லிய தோலுக்கு உட்புறம் குஞ்சுப் புழுக்கள் நெளிவதைக் கண்ணால் கண்டேன்.

லின்-4 மரபணு புரதம் எதையும் உருவாக்குவதில்லை. அதன் விளைபொருள் 22 எழுத்து நீளமுள்ள ஒரு சிறிய ஆர்.என்.ஏ. (மரபணுவைப் படியெடுத்து உருவாகும் இழை) மட்டுமே. அது, லின்-14 என்னும் வேறொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வினுடைய (புரதம் உருவாக்கும் கட்டளையைச் சுமக்கும் படியினுடைய) வால்பகுதியில் ஒட்டி லின்-14 புரதத்தைக் குறைக்கும்போதுதான் புழு இரண்டாம் பருவத்துக்குள் நுழைகிறது. அறிவியலாளர்கள் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் தத்தம் குழுவினருடன் 1993-இல் இதை வெளியிட்டபோது, புழுவுக்கு மட்டுமே உரிய விந்தை என்று பலர் ஒதுக்கினர். 2000-இல் ருவ்குன் குழு லெட்-7 என்னும் இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ.வைக் கண்டது. அது மனித உடலிலும் அப்படியே இருந்தது. அவ்விருவருக்கும் 2024-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

புழுவும் மனிதனும் ஒன்று என்றோ, நாளையே மருந்து வந்துவிடும் என்றோ நான் சொல்லவில்லை. அப்படித் திரித்து வாதிட வருபவர்களுக்காக முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். உபகாரச் சம்பள நேர்காணல் ஒன்றில், “நம் சமுதாயத்துக்கு இதனால் என்ன லாபம்?” என்று கேட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே என் விண்ணப்பக் கோப்பினை மூடிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் உடனே சம்பளம் தரும் படிப்பை மட்டுமே நாட வேண்டும் என்ற அந்த எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது. அன்று சொல்ல விடாததை உங்களுக்குச் சொல்கிறேன்: லெட்-7 உருவாவதைத் தடுக்கும் லின்-28 மரபணுவும் முதலில் இப்புழுவில்தான் கண்டறியப்பட்டது. அதன் மனித வடிவம் பல புற்றுக்கட்டிகளில் மிகுந்து காணப்படுகிறது. 2007-இல் முதிர்ந்த மனித செல்களை மீண்டும் குருத்துச் செல்களாக (பல வகைச் செல்களாக வளரவல்ல செல்களாக) மாற்றப் பயன்பட்ட நான்கு மரபணுக்களில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டாரிடம் பேசும்போது இதிலிருந்தே தொடங்குங்கள்.